அந்த வேலையில் முன்பு இருந்தவர்

புதிதாக வந்திருக்கும் நண்பர்களே, என் பயிற்சிக் குறிப்புகளைக் கேட்டிருந்தீர்கள். எழுபது சொச்சம் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது, முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தால் என்ன சொல்வது, உடம்பு சரியில்லை என்பதை வேற்று மொழிக்காரனுக்கு எப்படிப் புரியவைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கம் மட்டும் இருக்காது. அதைக் கிழித்து என்னிடமே வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. இந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான்கு வருடம் இதே வேலையைத்தான் செய்தேன்: வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை மூன்று நாள் உட்காரவைத்து, போகிற ஊரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது. நாளைக்கு நீங்கள் மைக்கைப் பிடிக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் தியாகதுருகத்துக்காரி. சென்னையில் சர்வதேச உறவுகள் படித்தேன். எம்.ஏ. ஆய்வேட்டின் தலைப்பே இஸ்ரேல், பாலஸ்தீனப் பிரச்சினையில் இந்திய அரசின் நிலைப்பாடுதான். நூற்று இருபது பக்கம். டெல்லியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். கூப்பிட்டது கள்ளக்குறிச்சியில் ஒரு ஆள் அனுப்பும் நிறுவனம்.

எங்கள் மேலாளர் முப்பது வருடம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பியவர். பெயர் வேண்டாம். அவர் எனக்குக் கெடுதல் எதுவும் செய்ததில்லை. சேர்ந்த முதல் நாளே ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்.

"பதில் தெரியாத கேள்வி வந்தா தெரியலன்னு சொல்லிடும்மா, ஒண்ணும் ஆவாது. தெரிஞ்ச கேள்விதான் ஆபத்து. அப்ப தண்ணி பாட்டில எடு. மூடிய மெதுவா தொற. ரெண்டு வாய் குடி. எத சொல்லலாம், எத சொல்லக்கூடாதுன்னு அதுக்குள்ள வந்துடும்."

எனக்கு இந்த வித்தை தேவைப்படவில்லை. நான் அவ்வளவு வேகம். கேள்வி முடிவதற்குள் பதில் நாக்கில் நிற்கும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது அலுவலகத்திலேயே அதிகம் துள்ளியவள் நான்தான். என் ஆய்வேடு தூசி தட்டிக்கொண்டு எழுந்து நடந்து வந்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் தட்பவெப்பம், சாப்பாடு, சிம் கார்டு என்று பாடம் தயாரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் யாரும் கேட்காமலே ஒரு பக்கம் சேர்த்தேன். அதுதான் நாற்பத்தொன்று. தலைப்பு: 'இந்தியா, இருவருக்கும் நண்பன்.'

அதில் எல்லாம் உண்மைதான். விடுதலை கிடைத்த கையோடு நம் அரசு பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிப்பதை எதிர்த்து வாக்களித்தது. சில வருடங்களில் இஸ்ரேலை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நாற்பது வருடம் முழுத் தூதரக உறவு வைத்துக்கொள்ளாமலே காலம் தள்ளியது. அதற்குள் பாலஸ்தீனத்தையும் ஒரு நாடாக அங்கீகரித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இஸ்ரேலோடு முழு உறவு. பிறகு விவசாயம், ஆயுதம், தொழில்நுட்பம். இரண்டு நாடுகளும் பக்கத்துப் பக்கத்தில் அமைதியாக இருக்க வேண்டும் என்பதே இன்றைக்கும் அரசின் பேச்சு. இந்தப் போர் தொடங்கிய அக்டோபரில் ஆயுதக் குழுவினர் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய கொலைகளைப் பயங்கரவாதம் என்று கண்டித்தது. காசாவின் மேல் குண்டு விழத் தொடங்கியதும் மருந்தும் கூடாரமும் அனுப்பியது. ஐ.நா.வில் சில தீர்மானங்களுக்குக் கை தூக்கியது, சிலவற்றில் ஒதுங்கி நின்றது. அதே மாதங்களில்தான் இஸ்ரேலின் கட்டடங்களுக்கு நம் ஆட்களை அனுப்பும் ஏற்பாடும் வேகம் பிடித்தது.

ஏன் வேகம் பிடித்தது என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. எனக்குத் தெரியாமல் விட்டுப்போனதல்ல. அங்கே சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதி பாலஸ்தீனர்கள். விடியலில் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, உள்ளே வந்து வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய வீட்டுக்குப் போகிறவர்கள். போர் தொடங்கியதும் அவர்களுடைய அனுமதி நிறுத்தப்பட்டது. கட்டடங்கள் பாதியில் நின்றன. அந்தப் பாதிக் கட்டடங்களுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

பயிற்சி கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அறுபது பேர். கருணாபுரத்திலிருந்து நிறையப் பேர், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கொஞ்சம். கடைசி வரிசையில் ஒன்பது பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் உள்ளவர்கள். ஒன்பது பேரும் சென்ட்ரிங் வேலை தெரிந்தவர்கள். அவர்களுக்கு ஒருவர்தான் தலை: அண்ணாமலை. நாற்பதை ஒட்டிய வயது. மற்ற எட்டுப் பேரும் தண்ணீர் குடிக்க எழுவதென்றால்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுவார்கள்.

இரண்டாம் நாள் சங்கு ஒத்திகை. ஏவுகணை வருகிறது என்று சங்கு ஊதினால் சில நொடிகளுக்குள் பாதுகாப்பு அறைக்குள் போக வேண்டும். செல்போனில் இருந்த சத்தத்தை மண்டபத்து மைக் செட்டில் போட்டேன். பாதுகாப்பு அறைக்குப் பதில் மணமகள் அறை. அறுபது பேரும் அதற்குள் போய் அடைந்தார்கள்.

"இன்னா டீச்சரு, பொண்ணயே காணோம்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"சங்கு சத்தம் கேட்டு பொண்ணு ஓடிப்போச்சிடா," என்றது இன்னொன்று.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணாமலை மட்டும் கதவின் கனத்தைத் தட்டிப் பார்த்தார். "அங்க கதவு இரும்பா, மரமா டீச்சரு?" என்று கேட்டார். இரும்பு என்றேன். தலையாட்டினார். எதையும் தட்டிப் பார்த்துக் கேட்கிற மனிதர்.

மூன்றாம் நாள் மதியம் நாற்பத்தோராம் பக்கம். பலகையில் இரண்டு வட்டம் போட்டு நடுவில் இந்தியா என்று எழுதினேன். கை வீசிப் பேசினேன். கருணாபுரத்துக்காரர் ஒருவர் எழுந்தார்.

"புரிஞ்சிடுச்சி டீச்சரு. எங்க தெருவுல ஒரு பெரியவரு கீறாரு. ரெண்டு வூட்டுக்காரனும் அடிச்சிக்கினு கெடப்பானுங்க, இவரு ரெண்டு வூட்டு விசேஷத்துக்கும் போயி ரெண்டு எலையிலயும் உக்காந்து சாப்டுட்டு வருவாரு."

மண்டபமே அதிர்ந்தது. "அதேதான்!" என்றேன் நான். அடுத்த பயிற்சியில் இந்த உதாரணத்தைச் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் அண்ணாமலை எழுந்தார்.

"டீச்சரு, இவ்ளோ பேர கூப்புடுறாங்களே. எங்களுக்கு முன்னாடி அந்த வேலைல இருந்தவன் எங்க?"

கேள்வி அவ்வளவுதான். கோபமில்லை, சந்தேகமில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

மண்டபத்தின் வாசல் பக்கம் மேலாளர் கையெழுத்துத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேலிடத்திலிருந்து வந்த ஒருவர். அண்ணாமலை ஒருவர் எழுந்து போனால் எட்டுப் பேரும் கூடவே போவார்கள், எட்டுப் பேர் போவதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் யோசிப்பார்கள் என்பதெல்லாம் ஒரே நொடியில் எனக்கு ஓடிவிட்டது. தண்ணீர் பாட்டில் மேசையில்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை.

"அது புது வேலைண்ணா," என்றேன். "முன்னாடி யாரும் இல்ல. புதுசா கட்டுறாங்க, அதான் ஆளு வேணும்."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. 'கட்டுமானம் விரிவடைகிறது' என்று சொன்னால் போதும் என்பதுதான் மேலாளர் கொடுத்திருந்த வரி. அதில் கொஞ்சம் புகைமூட்டம் இருக்கும், கேட்கிறவன் விரும்பினால் மேலும் கேட்கலாம். நான் அதைத் திருத்தி, ஓட்டை இல்லாமல் அடைத்துக் கொடுத்தேன். முன்னாடி யாரும் இல்ல.

அண்ணாமலை திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "புது வேலையாம்பா. போடுங்க கையெழுத்து."

ஒன்பது பேரும் போட்டார்கள்.

தோழர்களே, இதோடு முடிந்திருந்தால் அவசரத்தில் நாக்கு முந்திவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். நீங்களும் நாளைக்கு ஒருநாள் அப்படிச் செய்வீர்கள். மேடையில் நிற்கிறவர்களுக்கு இது நடக்கும். என்னால் தேற்றிக்கொள்ள முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

மாலை டீ கொடுத்தார்கள். அண்ணாமலை டம்ளரோடு என் பக்கம் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"மனசு லேசாச்சி டீச்சரு. எங்க மலைக்கு எந்த ஏஜெண்டு வந்தாலும் மொதல்ல இத்தத்தான் கேப்போம். சோறு இன்னா, கூலி இன்னான்னு அப்புறம்தான் கேப்போம்."

"ஏண்ணா?"

"பத்து வருசம் முன்னாடி ஒருத்தன் வந்தான். ஆந்திராவுல பெயிண்ட் அடிக்கிற வேலைன்னான். லாரில ஏத்திக்கினு போயி காட்டுக்குள்ள எறக்கி வுட்டான். கையில கோடாலி குடுத்தான். செம்மரம் வெட்டுற வேல. எங்களுக்கு முன்னாடி அதே மரத்தடியில வெட்டிக்கினு இருந்தவனுங்க எல்லாம் ஜெயில்ல. எங்களுக்கு அது தெரியாது. போலீசு சுத்தி வந்தப்ப நான் ஓடிட்டேன், ராத்திரி பகலா நடந்து வந்தேன். எங்க சித்தப்பா மவன் மாட்டிக்கினான். அவன் திரும்பி வந்தப்ப அவன் பொண்ணுக்கு அவன் மூஞ்சியே தெரியல. அன்னிக்கு நாங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா? முன்னாடி இருந்தவன் எங்கடான்னு கேட்டிருந்தா? அதுலேர்ந்து கேக்காம எறங்குறதில்ல."

டீயை ஒரே மூச்சில் குடித்தார். "நீங்க படிச்சவங்க, நம்ம ஊரு பொண்ணு. புது வேலன்னு சொல்லிட்டீங்க. போதும்."

கையெழுத்துத் தாள்கள் இன்னும் மேலாளரின் மேசையில்தான் இருந்தன. பத்தடி தூரம். 'அண்ணா, ஒரு நிமிஷம், நான் சொன்னது தப்பு' என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவசரப்படுத்தவில்லை. அறுபது பேர் பார்க்கவில்லை. நான் டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "பத்திரமா போயிட்டு வாங்கண்ணா," என்றேன்.

முதல் பொய்க்கு வேகம் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு என்ன காரணம் என்று இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன். கௌரவமான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. திருத்தினால் என் பாடம் கெட்டுவிடும், அவ்வளவுதான்.

அவர்கள் போய் மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாதி எழும்பிய கட்டடத்தின் உள்ளே ஒரு தூண். தூணில் பென்சிலால் கோடுகள், கோடுகளின் பக்கத்தில் எண்கள். ஆணியில், நேர் பார்க்கிற தூக்குக்குண்டு ஒன்று, நூல் சுற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தது. படத்தைத் தொடர்ந்து அண்ணாமலையின் குரல்.

"டீச்சரு, நல்லா கீறீங்களா? நாங்க நல்லா கீறோம். ஒரு சந்தேகம். புது வேலன்னு சொன்னீங்க. இங்க பாதியில நிக்குது. யாரோ அளவு போட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்க. இது இன்னா எழுத்து? சூப்பர்வைசரு இத்த அழிச்சிட்டு புதுசா போடுன்றான். நான் இன்னிக்கு ஒருநாள் வேற வேல பாக்குறேன்னு தள்ளி வெச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க."

அரபு எழுத்தில் எண்கள். அவற்றைப் படிக்க எனக்குத் தெரியும், ஆய்வேட்டுக்காகக் கற்றுக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான, நிதானமான கையெழுத்து. எழுதியவர் ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார், நாளைக்கு வந்து தொடர்கிறவர் இழுப்பது மாதிரி.

மேலாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதில் போடாதம்மா. எழுத்துல எதுவும் இருக்க வேணாம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா இருக்கவும் முடியாது இல்ல உனக்கு," என்றார். என்னை அவருக்குத் தெரியும்.

மத்தியானம் வரை எழுதினேன், அழித்தேன். நீளமாக ஒன்று எழுதினேன். அதில் இரு தரப்பு இருந்தது, நீண்டகால நிலைப்பாடு இருந்தது, சூழ்நிலை இருந்தது. படித்துப் பார்த்தால் அரசு அறிக்கை மாதிரியே இருந்தது. டெல்லியில் இருப்பவர்களுக்கு ஐ.நா. மண்டபமும் எண்ணெய்க் கப்பலும் எல்லைப் பாதுகாப்பும் இருக்கின்றன, அவர்கள் அளந்து பேசுவதற்குக் காரணம் சொல்வார்கள். என்னிடம் ஒரு மனிதர் ஒரு தூணைக் காட்டிக் கேட்டார். எனக்கு என்ன காரணம்?

கடைசியில் அனுப்பியது இதுதான்: 'பழைய அளவுண்ணா. ஒண்ணுமில்ல. சூப்பர்வைசர் சொல்றபடி செய்யுங்க. பத்திரம்.'

ஒரு கட்டை விரல் வந்தது.

ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போர் இன்னொரு நாட்டோடும் மூண்டு, விமானங்கள் நின்று, மறுபடி ஓடத் தொடங்கிய சமயம். ஒன்பது பேரும் உயிரோடு, முழுதாக வந்திருந்தார்கள். அந்தச் செய்தி கேட்டு நான் விட்ட மூச்சு அவர்களுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கரியாலூர் போனேன்.

அண்ணாமலையின் வீடு சாலையிலிருந்து இறங்கி மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி இருந்தது. வாசலில் நான்கைந்து பேர். எல்லாம் என் கடைசி வரிசை ஆட்கள்.

"டீச்சரு வந்துட்டாங்கடா," என்றான் ஒருவன். "சங்கு ஊதட்டா? ஓடிப்போயி ஒளிஞ்சிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாமலையின் மனைவி வள்ளி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இவங்கதான் புது வேலன்னு சொன்னவங்களா?" என்று கணவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அண்ணாமலை எனக்கு எதிரே உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"அளவு அழிச்ச ரெண்டாவது வாரம் ஒருத்தன் வந்து சேர்ந்தான் டீச்சரு. அந்த நாட்டுக்காரன்தான், ஆனா அரபு பேசுறவன். கம்பி கட்டுறவன். ஒரு மாசம் கையாலயே பேசிக்கினோம். எனக்கு அந்த நம்பரு எல்லாம் சொல்லிக் குடுத்தான். நான் உங்களுக்கு அனுப்புன போட்டோவ ஒருநாள் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தான். இது யாரு கையெழுத்துன்னு அவனுக்குத் தெரியும். அத்த எழுதுனவன் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்து ஆளாம். பன்னெண்டு வருசமா அதே கம்பெனில சென்ட்ரிங்காம். சண்ட வந்ததும் கதவ சாத்திட்டாங்களாம். மூணு புள்ளைங்களாம். வூட்டுல சும்மா குந்திக்கினு கீறானாம்."

சுற்றியிருந்தவர்களைக் கையால் காட்டினார்.

"இப்ப கேக்குறேன். இவனுங்க எல்லாரும் கேக்கட்டும். எங்களுக்கு முன்னாடி அந்த வேலைல இருந்தவன் எங்க?"

சொன்னேன். பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். போர் தொடங்கியதும் அவர்களை உள்ளே விடவில்லை. அந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். நம் அரசுக்கும் அது தெரியும், என் கம்பெனிக்கும் தெரியும். நீங்கள் கேட்ட அன்றைக்கு எனக்கும் தெரியும். தெரிந்துதான் யாரும் இல்லை என்று சொன்னேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தேன். தண்ணீரை நான் தொடவில்லை, அது அப்படியே இருந்தது.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டியா மாமா?" என்று அவரைக் கேட்டான் சங்கு ஊதுகிறேன் என்றவன்.

அண்ணாமலை யோசித்தார். அவசரமே இல்லாமல் யோசித்தார்.

"போயிருப்பேன்டா. இங்க இன்னா கீது? போயிருப்பேன். தெரிஞ்சி போயிருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "அந்த தூக்குகுண்ட மட்டும் ஆணியிலயே வுட்டுட்டு வந்தேன் டீச்சரு. சூப்பர்வைசரு எடுத்துக்கோன்னான். எடுக்கல. வந்தா தேடுவான் இல்ல."

அவர் தொடர்ந்தார்.

"நீங்க பதில் போடுற வரைக்கும் அத்த அழிக்காம வெச்சிருந்தேன். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. கோணிய நனைச்சி தொடச்சிட்டேன். அப்புறம் டேப்ப வெச்சி அளந்தா, அவன் போட்டது ஒரு நூலு கூட தப்பல. அதே அளவ, அதே எடத்துல, நான் திரும்பவும் போட்டேன்."